முதல் ஆய்வுக் கட்டுரைக்கு எந்த வழி? செட்டிநாட்டு பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் கிளினிக் நடத்தும் பிசியோதெரபிஸ்டுகளில் எம்.பி.டி எனும் முதுகலைப் படிப்பு முடித்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். இரண்டு வருடப் படிப்பில் ஆளுக்கொரு தீசிஸ் எழுதி, வைவா முடித்து, பைண்டிங் செய்த பிரதியைக் கல்லூரியில் ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள். பெரும்பாலானோருக்கு ஆய்வு அதோடு நின்றுவிடுகிறது. அப்புறம் காலையில் முழங்கால் வலி, மதியம் பக்கவாதம், சாயங்காலம் கழுத்து வலி என்று நாள் ஓடிவிடும். சில வருடம் கழித்து ‘நாமும் ஒரு பேப்பர் போட வேண்டும்’ என்று தோன்றும்போது எதில் தொடங்குவது என்றே தெரிவதில்லை. அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

பிசியோதெரபி ஆய்வுகள் குறைவாக இருப்பதாக நினைத்தால் அது பழைய கதை. 1999இல் சிட்னியில் தொடங்கிய பெட்ரோ என்ற இலவசத் தரவுத்தளத்தில் இன்று 60,000க்கும் அதிகமான பதிவுகள் உள்ளன. எல்லாம் பிசியோதெரபி தொடர்பான சோதனைகள், தொகுப்பாய்வுகள், வழிகாட்டு நெறிகள். அதில் உள்ள மிகப் பழைய சோதனை 1929ஆம் ஆண்டினது. ஆனால் பெரும்பகுதி 2000க்குப் பிறகு வந்தவை. இந்தியாவிலிருந்தும் நிறைய எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும்தான். நூலகமும் ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டியும் பதவி உயர்வுக்கான தேவையும் அங்கேதான் இருக்கின்றன. நோயாளியை நாள் முழுக்கத் தொட்டுப் பார்ப்பவர் கிளினிக்கில் இருக்கிறார், பேப்பர் வேறெங்கோ இருந்து வருகிறது.

இதனால் நஷ்டம் நோயாளிக்குத்தான். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களை வைத்துச் செய்த முதுகுவலி ஆய்வை, குத்தவைத்து ஆத்தங்குடிக் கல் போடுபவரிடம் அப்படியே பொருத்திப் பார்க்கிறோம். சம்மணமிட்டுச் சாப்பிட வேண்டும், தரையிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும் ஆச்சியிடம், நடை வேகத்தை மட்டும் அளந்துவிட்டு ‘முன்னேற்றம்’ என்கிறோம். இந்த இடைவெளியை இங்கே இருப்பவர்கள்தான் எழுத முடியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக் கிளினிக்கோ சிறிய மருத்துவமனை வேலையோ உள்ள ஒருவருக்கு முதல் பேப்பராக உள்ளூர்த் தொழிலாளர்களிடம் எடுக்கும் சர்வேதான் சிறந்தது. அடுத்த இடம், நன்றாக அளந்து எழுதும் தனிநபர் ஆய்வுக்கு. பழைய தீசிஸ் ஒரே ஒரு கேள்வியைப் பொறுத்தது. வெளியான ஆய்வுகளைத் தேடித் தொகுத்து மதிப்பிடும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூவும் பெரிய சோதனையும் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

பழைய தீசிஸை எடுத்துத் தூசி தட்டுவது

டேட்டா கையில் இருக்கிறது, எழுதியும் ஆயிற்று, சுருக்கி அனுப்பினால் போதும் என்பதுதான் இதன் கவர்ச்சி. அந்த ஒரு கேள்வி இதுதான்: அது சிகிச்சைச் சோதனையாக இருந்தால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் சி.டி.ஆர்.ஐ எனப்படும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்தீர்களா?

இந்தப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது, பதிவு இலவசம். 2018 ஏப்ரல் 1 முதல் முன்கூட்டிய பதிவை மட்டுமே ஏற்கிறார்கள். ஆய்வு முடிந்தபின் போய்ப் பதிய வழியில்லை. மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2005 முதலே பதிவில்லாத சோதனைகளை ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டது, நல்ல பிசியோதெரபி ஜர்னல்கள் பலவும் அதே வழியில் வந்துவிட்டன. நம் பக்கம் அடிக்கடி காணும் தீசிஸின் உருவம் எல்லோருக்கும் தெரியும்: 30 பேர், 15-15ஆக இரண்டு குழு, நான்கு வாரச் சிகிச்சை, வலியை அளக்க வி.ஏ.எஸ் அளவுகோல், மூட்டு அசைவை அளக்கக் கோனியோமீட்டர், கடைசியில் இரண்டு குழுவிலும் முன்னேற்றம். பதிவு எண் இல்லையென்றால் இதற்குக் கதவு திறக்கும் ஜர்னல் பெரும்பாலும் எதையும் கேட்காத ஜர்னலாகத்தான் இருக்கும்.

சாம்பிள் எண்ணிக்கையும் ஒரு தடை. இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே நடுத்தர அளவு வித்தியாசத்தை, அதாவது 0.5 என்ற விளைவு அளவை, 80% திறனுடன் (வித்தியாசம் உண்மையில் இருந்தால் பத்தில் எட்டு முறை தெரியும்படி) கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். 15 பேரை வைத்துக்கொண்டு ‘இரண்டும் சமம்’ என்று எழுதினால் ரிவ்யூவர் முதல் பத்தியிலேயே பிடித்துவிடுவார். அது மாணவரின் குற்றம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தனி ஆளாக அவ்வளவுதான் சேர்க்க முடிந்திருக்கும்.

ஆனால் உங்கள் தீசிஸ் சிகிச்சைச் சோதனையாக இல்லாமல் சர்வே, தொடர்பு ஆய்வு, அளவுகோலின் நம்பகத்தன்மை ஆய்வு என்று இருந்தால் நிலைமை வேறு. எதிக்ஸ் கமிட்டி அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கைடிடம் பேசி, புதிய ஆய்வுகளைச் சேர்த்து, 3,000 வார்த்தைக்குள் திரும்ப எழுதுங்கள். எல்லா வழிகளிலும் இதுவே குறுகியது. கைடின் பெயரையும் உழைத்த மற்றவர்களின் பெயரையும் சேர்ப்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது. அனுப்பிய பிறகு பெயர் வரிசைத் தகராறு வந்தால் பேப்பர் நின்றுவிடும்.

உள்ளூர் சர்வே

செட்டிநாட்டில் இதற்கு இருக்கும் வாய்ப்பு வேறு எதற்கும் இல்லை. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணச் சாந்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். காரைக்குடியில் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை நெய்பவர்கள் இருக்கிறார்கள். புதுவயல் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்குபவர்கள், கல்யாண வீடுகளில் விடிய விடிய அண்டாவில் துடுப்புப் போடும் சமையல்காரர்கள், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வலி இருக்கிறது. இவர்களைச் சென்னையில் இருந்து வந்து ஒருவர் எண்ணுவது கடினம். உங்களுக்கோ இவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பழக்கம்.

கருவி புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. நார்டிக் தசை-எலும்பு வினாத்தாள் 1987இல் வெளியானது, உலகெங்கும் தொழிலாளர் ஆய்வுகளில் பயன்படுவது. உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதத்தில் தொந்தரவு இருந்ததா, கடந்த 7 நாளில் இருந்ததா, அதனால் வேலை தடைபட்டதா என்று கேட்கும். படம் காட்டிக் கேட்கலாம் என்பதால் படிக்கத் தெரியாதவரிடமும் ஓடும். கூடவே வயது, தொழிலில் எத்தனை வருடம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எந்த நிலையில் உட்காருகிறார் என்று நான்கைந்து கேள்வி போதும். பத்துப் பக்க வினாத்தாளோடு போனால் மூன்றாம் பக்கத்திலேயே ஆள் எழுந்து போய்விடுவார்.

எத்தனை பேர் வேண்டும்? வலி உள்ளவர்கள் எத்தனை சதவீதம் என்று முன்கூட்டித் தெரியாத நிலையில் 50% என்று வைத்து, 5% பிழை எல்லையில் கணக்குப் போட்டால் 384 பேர். 10% பிழை எல்லை போதும் என்றால் 96. அந்தத் தொழிலில் மொத்தமே 200 பேர்தான் என்றால், 5% எல்லைக்கும் 132 பேர் போதும். இந்த எண்ணிக்கை ஒரு கிளினிக்காரரும் இரண்டு ஜூனியர்களும் சேர்ந்தால் எட்டக்கூடியது.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும், இரண்டும் பேப்பரின் உயிர் சம்பந்தப்பட்டவை. ஒன்று, முதலாளி பக்கத்தில் நிற்கும்போது வலி பற்றிக் கேட்காதீர்கள். ‘ஒண்ணும் இல்லைங்க’ என்றுதான் பதில் வரும். சாயங்காலம் வீட்டில் போய்க் கேட்டால் அதே ஆள் முதுகையும் முழங்காலையும் தொட்டுக் காட்டுவார். இரண்டு, இன்று தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் வலியைத் தாங்கி நிலைத்தவர்கள். தாங்காதவர்கள் எப்போதோ தொழிலை விட்டுப் போயிருப்பார்கள். வேலையில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் வலியின் அளவு குறைவாகத்தான் தெரியும். கடந்த ஐந்து வருடத்தில் தொழிலை விட்டவர்களையும் தேடிப் பிடித்து, ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு அட்டவணைக்காகவே உங்கள் பேப்பரைப் படிப்பவர்கள் இருப்பார்கள்.

பெரிய வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் வயதானவர்கள் இன்னொரு முக்கியமான கூட்டம். உயரமான படி, தாண்ட வேண்டிய நிலைவாசல், வழுவழுப்பான தரை, பின்கட்டுக் குளியலறை வரை நீண்ட நடை. கீழே விழுந்தவர் எத்தனை பேர், எந்த இடத்தில் விழுந்தார்கள் என்று எழுதினாலே புதிய தகவல்தான். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் டக் டெஸ்டுக்கு ஒரு நாற்காலியும் ஸ்டாப்வாட்சும் போதும்.

இந்த வழியின் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே சமயத்தில் எடுத்த சர்வே எது காரணம், எது விளைவு என்று சொல்லாது. ‘குத்தவைப்பதால் முழங்கால் போகிறது’ என்று எழுதக் கூடாது, இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதோடு நிறுத்த வேண்டும். சர்வே எழுதுபவர்களுக்கான ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியலில் 22 அம்சங்கள் இருக்கின்றன. அதைத் தொடங்கும் முன்பே பக்கத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் திண்டாட வேண்டியதில்லை.

எதிக்ஸ் அனுமதிதான் கிளினிக்காரர்களை மிரட்டுவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளின்படி, சொந்தக் கமிட்டி இல்லாதவர்கள் வேறொரு நிறுவனத்தின் கமிட்டியை ஒப்பந்தத்தின் பேரில் அணுகலாம். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, இரண்டும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்குள்ள சமூக மருத்துவத் துறையில் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டால் அனுமதியும் சுலபமாகும், புள்ளியியல் உதவியும் கிடைக்கும். ஆபத்து மிகக் குறைந்த சர்வேக்களுக்கு விரைவு ஆய்வு முறையும் உண்டு. அனுமதி எண் வந்த பிறகுதான் முதல் படிவத்தை நிரப்ப வேண்டும், இதில் சமரசமே கூடாது.

ஒரு நோயாளியை எழுதுவது

கேஸ் ரிப்போர்ட் என்றால் அபூர்வமான நோயாளி வேண்டும் என்று பலரும் காத்திருக்கிறார்கள். அபூர்வ நோயாளி கிளினிக்குக்கு எப்போதாவதுதான் வருவார், வந்தாலும் முதல் நாள் அளவுகள் எடுக்கப்பட்டிருக்காது. கேஸ் ரிப்போர்ட் எழுதுபவர்களுக்கென 2013இல் வந்த கேர் வழிகாட்டியைப் பார்த்தால் காலவரிசை, கண்டறிந்த முறை, சிகிச்சையின் அளவு, நோயாளியின் பார்வை, எழுத்து மூலமான சம்மதம் எல்லாம் கேட்கிறார்கள். நம் ஓ.பி. சீட்டில் ‘ஐ.எஃப்.டி, குவாட்ஸ் எக்சர்சைஸ், 10 டேஸ்’ என்று இருப்பதை வைத்து இதை எழுத முடியாது.

எனக்கு இதைவிடப் பிடித்தது தனிநபர் சோதனை முறை. மூன்று நோயாளிகள் போதும். ஒவ்வொருவருக்கும் சிகிச்சைக்கு முன்பே குறைந்தது ஐந்து முறை அளவெடுத்து ஒரு அடிப்படைக் கோடு போடுகிறோம். சிகிச்சையை மூவருக்கும் வெவ்வேறு நாளில் தொடங்குகிறோம். தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொருவருடைய கோடும் திரும்பினால், அது தானாகக் குணமானதல்ல என்று நம்பக் காரணம் கிடைக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் மாதக்கணக்கில் மாற்றமே இல்லாமல் இருக்கும் நோயாளிகளுக்கு இது அழகாகப் பொருந்தும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்டுகள் அதே நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். துறை அனுமதியும் எதிக்ஸ் அனுமதியும் வாங்கிவிட்டால் அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு முறை கிடையாது. இது சிகிச்சையைச் சோதிப்பது என்பதால் சி.டி.ஆர்.ஐ பதிவையும் முதலிலேயே முடித்துவிடுங்கள்.

சர்வேயோடு ஒப்பிட்டால் இதற்கு ஆள் குறைவு, செலவு குறைவு. ஆனால் ஒழுங்கு அதிகம் வேண்டும். ஒரு வாரம் அளவு விட்டுப்போனால் வரைபடத்தில் பள்ளம் விழுந்துவிடும். தினமும் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு இதையே முதலில் சொல்வேன்.

லேப்டாப்பிலேயே முடியும் ரிவ்யூ

நோயாளி வேண்டாம், எதிக்ஸ் வேண்டாம் என்பதால் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ இப்போது இளைஞர்களிடையே பிரபலம். தேடலுக்கு முன்பே ரிவ்யூ திட்டங்களுக்கான பதிவேடாக 2011இல் தொடங்கிய பிராஸ்பெரோ தளத்தில் திட்டத்தைப் பதிய வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுக் கட்டுரைகளைப் படிக்கச் சந்தா வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான். தனியார் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடைக்காது. அதைவிடப் பெரிய காரணம், முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி என்று இன்னொரு ரிவ்யூ வருவதால் யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரியப் போவதில்லை. காரைக்குடியில் இருப்பதன் பலம் அதில் துளியும் பயன்படாது.

பெரிய சோதனை

சீட்டுக் குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்யும் சோதனைக்கு மரியாதை அதிகம். சோதனையின் தரத்தை மதிப்பிடும் பெட்ரோ அளவுகோலில் 11 அம்சங்கள், முதலாவதைக் கணக்கில் சேர்க்காமல் மதிப்பெண் பத்துக்கு. சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் எது எந்தச் சிகிச்சை என்று மறைப்பது நம் துறையில் ஏறக்குறைய முடியாது என்பதால் உடற்பயிற்சிச் சோதனைகள் பெரும்பாலும் எட்டுக்கு மேல் போவதில்லை. அந்த எட்டை வாங்கவே அளவெடுப்பவர் தனி ஆளாக இருக்க வேண்டும், குலுக்கலைச் செய்பவர் வேறொருவராக இருக்க வேண்டும், விலகிப் போனவர்களையும் கணக்கில் சேர்த்து 150 பேரைப் பின்தொடர வேண்டும். நாலைந்து கிளினிக்குகள் கூட்டாகச் செய்தால் முடியும். அப்படிக் கூட்டு சேர்வதற்கு முதலில் சேர்ந்து ஒரு சர்வே செய்து பழகியிருக்க வேண்டும்.

எங்கே அனுப்புவது

ஆய்வை விட இந்த முடிவில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். ‘மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் இலவசம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஜர்னல்கள் ஒரு பக்கம். அவை வாங்கும் தொகை சில ஆயிரம் ரூபாய்தான், அதனால் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். 2015இல் ஷென், பியோர்க் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வின்படி 2014இல் மட்டும் இத்தகைய ஜர்னல்களில் ஏறக்குறைய 4,20,000 கட்டுரைகள் வந்தன, எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியர்கள். பணம் போவது சின்ன விஷயம். ஒரு முறை அங்கே வந்துவிட்டால் அதே டேட்டாவை நல்ல ஜர்னலில் போட முடியாது. நெசவாளர் வீடுகளில் மாலை மாலையாக உட்கார்ந்து சேகரித்த தகவல் யாருடைய தேடலிலும் வராமல் அங்கேயே புதைந்துவிடும்.

அடுத்தது, முறையான ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்கள், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை. தரம் உண்டு, ஆனால் கட்டணம் பல இடங்களில் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஏழை நாடுகளுக்கான தானியங்கித் தள்ளுபடிப் பட்டியலில் இந்தியா பெரும்பாலும் வராது. கேட்டுப் பார்க்கலாம், நம்பியிருக்க வேண்டாம்.

நான் சொல்வது மூன்றாவது வழி: எழுதுபவரிடம் பணம் கேட்காத ஜர்னல்கள். சந்தா அடிப்படையிலான சர்வதேச ஜர்னல்களில் ஓப்பன் ஆக்சஸ் வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தால் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆஸ்திரேலிய பிசியோதெரபி சங்கத்தின் ஜர்னல் ஆஃப் பிசியோதெரபி எல்லோருக்கும் திறந்தது, எழுதுபவரிடம் கட்டணமும் வாங்குவதில்லை. ஆனால் அங்கே நுழைவது மிகக் கடினம், முதல் பேப்பருக்கு அதைக் குறிவைக்க வேண்டாம். 1955இல் தொடங்கிய இந்திய பிசியோதெரபிஸ்டுகள் சங்கத்துக்கும் சொந்த ஜர்னல் இருக்கிறது. உள்ளூர்த் தொழிலாளர் சர்வேக்கு அதுவும் தொழில்சார் சுகாதார ஜர்னல்களும் பொருத்தமானவை. அனுப்பும் முன் அந்தந்தத் தளத்தில் இப்போதைய கட்டண விதியைப் பார்த்துவிடுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும், திருத்தச் சொல்வார்கள், நிராகரிக்கவும் செய்வார்கள். அந்த விமர்சனக் கடிதம்தான் கைடு இல்லாத கிளினிக்காரருக்குக் கிடைக்கும் இலவசப் பாடம்.

சரிபார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது. ஜர்னல்களைத் தேர்ந்து பட்டியலிடும் ஸ்கோபஸ் தளத்தின் மூலப் பட்டியலில், ஜர்னலின் அடையாளமான ஐ.எஸ்.எஸ்.என் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், இலவசம்தான். ஓப்பன் ஆக்சஸ் என்றால் ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களுக்கென 2003 முதல் இருக்கும் டோஜ் (DOAJ) பட்டியலில் பாருங்கள். ஐ.எஸ்.எஸ்.என் இருப்பது மட்டும் தரத்துக்குச் சான்றில்லை, யார் விண்ணப்பித்தாலும் கிடைப்பது அது. ஒரு ஜர்னலின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். ‘குளோபல்’, ‘யுனிவர்சல்’ என்று முன்னால் ஒட்டு வைத்து வரும் ஃபேக்டர்களை நம்பாதீர்கள்.

சிலருக்கு இந்த வரிசை மாறும். கல்லூரி வேலைக்குப் போக நினைப்பவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி ஏற்ற ஜர்னல்களின் ‘கேர்’ பட்டியலை மனதில் வைத்தே இதுவரை ஜர்னல் தேடினார்கள். 2018இல் அறிவித்த அந்தப் பட்டியலை யு.ஜி.சி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இனி ஒவ்வொரு நிறுவனமும் தானே ஜர்னலின் தரத்தை மதிப்பிட வேண்டும். எனவே சேரப்போகும் இடத்தில் ஸ்கோபஸ் கேட்கிறார்களா, மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளம் கேட்கிறார்களா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பி.எச்டி சேர இருப்பவர்களுக்கு இன்னொரு மாற்றம்: 2022 விதிகளில், தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் பேப்பர் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயத்தை யு.ஜி.சி எடுத்துவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் கேட்கின்றன. கிளினிக்கோடு நிற்பவருக்கு இந்த நெருக்கடி எதுவும் இல்லை. எந்தப் பட்டியலுக்கும் கட்டுப்படாமல், உங்கள் கேள்விக்குச் சரியான வாசகர் எந்த ஜர்னலில் இருக்கிறார் என்று மட்டும் பார்த்து அனுப்பலாம். நெசவாளர் சர்வே என்றால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய நெருக்கடி மாதங்களைத் தவிர்த்து, எதிக்ஸ் விண்ணப்பத்தைச் சித்திரையிலேயே கொடுத்துவிட்டால் ஆனி, ஆடியில் வீடுகளுக்குப் போகத் தொடங்கலாம்.